பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும் அந்த ஐந்து மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தி மதியம் 2 மணிக்குத் தருகிறார்கள், சில ஊர்களில் சாயங்காலமே ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் உண்மையிலேயே வேலை நடக்கிறதா, நடக்கிறது என்றால் அப்புறமும் நாலு தூறல் விழுந்ததும் கரண்ட் ஏன் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். என் வேலைக்காலம் முழுவதும் மின் விநியோகத்தில்தான் கழிந்தது. முதலில் துணைமின் நிலையம், பிறகு லைன்மேன்களோடு பிரிவு அலுவலகம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

9 முதல் 2 என்றால் ஐந்து மணி நேரம் வேலை நடக்கும் என்று அர்த்தமில்லை. துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர் முதலில் ஃபீடரின் (அங்கிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) பிரேக்கரைத் திறப்பார், அதாவது அந்தப் பெரிய ஸ்விட்சை அணைப்பார். இப்போதெல்லாம் பிரேக்கரின் தொடுமுனைகள் வெற்றிடக் குழாய்க்குள் இருப்பதால், அவை விலகியதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் பக்கத்திலுள்ள ஐசொலேட்டர் என்ற வெளியே தெரியும் ஸ்விட்சையும் திறந்து, அதன் கைகள் விலகி நிற்பதைப் பார்த்து, பூட்டி, ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற பலகையை மாட்டுவார். அதற்குப் பிறகுதான் லைன் கிளியர் என்ற அனுமதித் தாளை எழுதித் தருவார். எந்தக் கம்பம் முதல் எந்தக் கம்பம் வரை, யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகும் லைன்மேன் உடனே கம்பம் ஏறக்கூடாது. லைனில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, அப்புறம்தான் ஏற வேண்டும். ஒரே ஃபீடரில் நாலு குழுக்கள் வேலை செய்தால் நாலு லைன் கிளியர். நாலு பேரும் ஆட்களை இறக்கி, எர்த் ராடைக் கழற்றி, எண்ணிப் பார்த்து, தாளைத் திருப்பிக் கொடுத்தால்தான் லைனில் மறுபடி மின்சாரம் விட முடியும். இதற்கே முன்னும் பின்னுமாக ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

2 மணிக்குக் கரண்ட் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு குழுவின் தாள் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டு அவசரப்படுத்துவது கம்பத்தில் இருப்பவர் உயிரோடு விளையாடுவது. இதை நான் ரொம்பவும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, உங்கள் வீட்டு ஜெனரேட்டர். வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடாமல் ஜெனரேட்டரைப் பிளக் பாயின்ட்டில் செருகி ஓட்டும் வீடுகள், கடைகள், கல்யாண மண்டபங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போய், தெரு டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாக ஓட்ட வைக்கும். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும் அதே டிரான்ஸ்பார்மர், கீழே 230 வோல்ட் கொடுத்தால் மேலே ஆயிரக்கணக்கான வோல்ட் தரும். லைன் செத்துவிட்டது என்று நம்பி மேலே ஒருவர் கை வைத்திருப்பார். எர்த் ராடு மாட்டச் சொல்வதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

சரி, வேலைக்கு வருவோம். கம்பத்தில் செய்வது பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஜம்பர் (கம்பியோடு கம்பியை இணைக்கும் துண்டுக் கம்பி) கிளாம்ப்புகளை இறுக்குவது, பீங்கான் இன்சுலேட்டரைத் துணியால் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, லைனை நெருங்கிவிட்ட கிளைகளை வெட்டுவது, லைனைப் பிரிக்கக் கம்பத்தில் வைத்திருக்கும் ஏபி ஸ்விட்சின் கத்திகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்து கிரீஸ் போடுவது. ஸ்பேனர், துணி, அரிவாள். இதற்கா ஊரையே இருட்டாக்கினீர்கள் என்று தோன்றும்.

ஆனால் இறுக்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லைன் கம்பி அலுமினியம். சாயங்காலம் லோடு ஏறும்போது சூடாகி விரியும், விடியற்காலை குளிர்ந்து சுருங்கும். தினமும் இப்படி விரிந்து சுருங்கினால் எந்த போல்ட்டும் சில மாதங்களில் கொஞ்சம் தளரும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், கூடினால் சூடாகும், சூடானால் மேற்பரப்பில் ஆக்சைடு படியும், படிந்தால் மின்தடை இன்னும் கூடும். தானே தன்னைக் கெடுத்துக்கொண்டு போகும் வழி இது. இரவு 8 மணிக்கு லோடு உச்சத்தில் இருக்கும்போது அந்த கிளாம்ப் மங்கிய சிவப்பாகக் கனல்வதை வெறும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் ஒரு ஸ்பேனரால் ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை. விட்டிருந்தால் கம்பி அறுந்து தெருவில் விழுந்திருக்கும்.

அதே போல்ட் நியூட்ரலில் தளர்ந்தால் சேதம் உங்கள் வீட்டுக்குள். ஒரு கிராமத்தில் ஒரே இரவில் பதினாறு வீடுகளில் டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் எரிந்துபோய், மறுநாள் காலையில் ஊரே அலுவலக வாசலில் நின்றது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் நியூட்ரல் இணைப்பு முழுக்க விட்டுப்போயிருந்தது. மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான அந்த ஒரு கம்பி போய்விட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட் என்ற கணக்கே குலைந்துவிடும். லோடு அதிகமுள்ள ஃபேஸில் விளக்கு மங்கும். லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 300, 350 என்று ஏறும், மோசமான நிலையில் 400-ஐத் தொடும். அந்த டிரான்ஸ்பார்மரில் முந்தைய மாதம் பராமரிப்பு நடந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. ஸ்பேனர் எல்லா போல்ட்டையும் தொட்டதா என்று பதிவேடு சொல்லாது. அந்த ஊர்க்காரர்கள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் நின்ற காலை இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் நியூட்ரலை நானே கை வைத்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

இனி டிரான்ஸ்பார்மர். உங்கள் தெரு முனையில் இருப்பது அநேகமாக 63 அல்லது 100 கே.வி.ஏ.வாக (டிரான்ஸ்பார்மரின் திறனைச் சொல்லும் அளவு) இருக்கும், நகரத்தில் 250, 500 கூட உண்டு. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை தொங்கும். அதற்கு ப்ரீதர் என்று பெயர். டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும் என்று சொன்னால் புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள், ஆனால் நடப்பது அதுதான். பகலில் சூடாகும்போது உள்ளே உள்ள எண்ணெய் விரிந்து மேலுள்ள காற்றை வெளியே தள்ளும்; இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு ஈரம் போகக்கூடாது என்பதற்காகக் குடுவைக்குள் சிலிக்கா ஜெல் மணிகள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பு. புதிய வகையில் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறுவதும் உண்டு. இளஞ்சிவப்பானதைத் தனியாக வைத்திருக்கும் வாணலியில் போட்டு மெதுவாக வறுத்தால் ஈரம் போய் மறுபடி நீலமாகிவிடும். லைன்மேன்கள் பலரும் அப்படிச் செய்துதான் திரும்பப் போடுவார்கள். அந்த நீல நிறம் கோபால்ட் உப்பினால் வருவது, நச்சுள்ளது. அந்த வாணலி சமையலறைப் பக்கமே போகக்கூடாது.

செலவில்லாத இந்த வேலையை விட்டால் என்ன ஆகும்? ஈரம் எண்ணெயில் கலக்கும். டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்குக் குளிர்விப்பதோடு மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் வேலையும் உண்டு. எண்ணெய் மாதிரியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகளை வைத்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவோம். பொறி பாயும் அளவுதான் அந்த எண்ணெயின் பலம். விநியோக டிரான்ஸ்பார்மர் போன்ற கருவிகளுக்கு அது 30 கே.வி.க்கு, அதாவது 30,000 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. நன்றாக வடிகட்டிய புதிய எண்ணெய் 60 கே.வி. தாங்கும். தண்ணீர் கலந்தால் மளமளவென்று இறங்கிவிடும். கருவி கையில் இல்லாத காலத்தில் ஒரு வழி இருந்தது. இரும்புக் கம்பியை மங்கிய சிவப்பாகக் காய்ச்சி எண்ணெய் மாதிரியில் விட்டுக் காது கொடுத்துக் கேட்போம். ஈரம் இருந்தால், கடுகு தாளிக்கும்போது வெடிப்பதைப் போல சடசடவென்று சத்தம் வரும்.

எர்த் குழி அடுத்தது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் தரையில் பதித்த குழாய்கள் இருக்கும். நியூட்ரலுக்கு, டிரான்ஸ்பார்மர் உடலுக்கு, இடிதாங்கிக்கு என்று தனித்தனி. அந்த இடத்தில் பூமியோடு உள்ள மின்தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் அளவு. கோடையில் மண் காய்ந்து வெடிக்கும்போது அது பல மடங்காகிவிடும், பாறைப் பூமியில் சொல்லவே வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை உப்பும் கரியும் புதிதாகப் போட வேண்டும், துருப்பிடித்த பட்டையை மாற்ற வேண்டும். சித்திரையில் இதைச் செய்யாத டிரான்ஸ்பார்மர் ஐப்பசி இடியில் போகும். மின்னல் இடிதாங்கி வழியாக மண்ணுக்குள் இறங்கப் பாதை சரியில்லை என்றால், அது டிரான்ஸ்பார்மரின் சுருள் வழியாகத்தான் வழி தேடும்.

ஃபியூஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு முழு லோடில் மேலே 11 கே.வி. பக்கம் ஓடுவது 5 ஆம்பியருக்குச் சற்றே அதிகம், கீழே 133 ஆம்பியர். அந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஃபியூஸ் கம்பிதான் இருக்க வேண்டும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று ஜனங்கள் சண்டை போடும்போது, மூன்று நாலு இழையை முறுக்கித் தடிமனாகப் போட்டுவிட்டு வந்துவிடுவது எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. அதன் பிறகு ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மரே போகும். மாற்று டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கும் வரை ஊர் இருட்டில் கிடக்கும்.

இதெல்லாம் தெருவில் தெரிவது. தெரியாத ஒன்றுதான் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியம்: துணைமின் நிலையத்தின் பேட்டரி அறை. வரிசையாக 55 செல்கள், ஒவ்வொன்றும் 2 வோல்ட், மொத்தம் 110 வோல்ட் டி.சி. இவ்வளவு பெரிய மின்நிலையத்துக்கு எதற்கு பேட்டரி என்று பார்க்க வருபவர்கள் கேட்பார்கள். ஃபீடரில் கம்பி அறுந்து விழுந்தால், ரிலே என்ற காவல் கருவி அதைக் கண்டுபிடித்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும். திறப்பதற்கான சுருளுக்கு மின்சாரம் வேண்டும். பழுது நடக்கும் அந்த நொடியில் லைன் வோல்டேஜே படுத்துவிடும் என்பதால் அதை நம்ப முடியாது. அப்போது கைகொடுப்பது பேட்டரி ஒன்றுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழை இரவு. ஃபீடர் ஒன்றில் கம்பி அறுந்து விழுந்தது. ரிலேயில் கொடி விழுந்துவிட்டது, அதாவது பழுது இருக்கிறது என்று அது சொல்லிவிட்டது. ஆனால் பிரேக்கர் திறக்கவில்லை. பவர் டிரான்ஸ்பார்மர் ஒரு மாதிரி முனகியது; அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கடைசியில் எங்களுக்கு மேலே உள்ள நிலையத்தில் லைன் டிரிப் ஆகி, எல்லா ஃபீடர்களும் சேர்ந்து அணைந்தன. டார்ச் அடித்துத் தேடியபோது பேட்டரி வரிசையின் நடுவில் இரண்டு செல்களை இணைக்கும் பட்டையில் உப்புப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. வாரத்துக்கு ஒருமுறை துடைத்து வாசலின் தடவியிருந்தால் போதும். 55 செல்களில் ஒரு இணைப்பு விட்டாலும் வரிசை முழுவதும் செத்ததற்குச் சமம். மறுநாளிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் அளவையும் ஒவ்வொரு செல்லிலும் உள்ள அமிலத்தின் அடர்த்தியையும் ஹைட்ரோமீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். 1.200-க்கு அருகில் இருக்க வேண்டியது எந்த செல்லில் இறங்குகிறது என்று பார்த்தால், அடுத்து எது படுக்கப்போகிறது என்பது மாதக் கணக்கில் முன்னாலேயே தெரிந்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இவ்வளவும் செய்தால் தூறலுக்கு ஏன் போகிறது?

முதல் காரணம் தூசி. நாலைந்து மாதம் மழையே இல்லாமல் இன்சுலேட்டர் மேல் படிந்த புழுதி, காய்ந்திருக்கும் வரை தொந்தரவு தராது. பெருமழையும் அதைக் கழுவிவிடும். தூறல்தான் அதைச் சேறாக்கி, மின்சாரம் கசியப் பாதை போடும். கடலோர ஊர்களில் தூசிக்குப் பதில் உப்பு. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் மழையே வேண்டாம், விடியற்காலைப் பனியே போதும். அதனால் கடலோரத்தில் மாதக் கணக்கு உதவாது, அங்கே இன்சுலேட்டரை இன்னும் அடிக்கடி துடைத்தாக வேண்டும்.

இரண்டாவது, மரமும் உயிரினங்களும். 2021 ஜூன் மாதம் அப்போதைய மின்துறை அமைச்சர், செடிகொடி லைனில் படர்ந்து அணில் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்று சொன்னபோது பலரும் கேலி செய்தார்கள். லைனில் வேலை செய்தவர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். பூமியோடு இணைந்த, கம்பத்தின் இரும்புக் கைக்கும் 11 கே.வி. கம்பிக்கும் நடுவில் இருப்பது ஒரு பீங்கான் இன்சுலேட்டரின் உயரம்தான். அணிலின் உடம்பு அந்த இடைவெளியை எளிதாக நிரப்பும். அது அங்கேயே கருகி விழும், பிரேக்கர் டிரிப் ஆகும். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியைப் பிடித்து ஏறிய கொடி ஒரே நாளில் உச்சிக்குப் போகவில்லை. டிரான்ஸ்பார்மருக்குள் கம்பி நுழையும் பீங்கான் புஷ்ஷிங்குக்கு ரப்பர் உறை போடுவதும், ஜம்பருக்கு மூடிய கம்பி போடுவதும் எல்லோருக்கும் தெரிந்த வழிகள்தான். அணில் வரும் என்று தெரிந்தே வேலை செய்வதும் பராமரிப்பில் சேர்த்திதான்.

மூன்றாவது, மழையில் போவதெல்லாம் பழுதும் அல்ல. கிளை உரசியதும் பிரேக்கர் திறப்பது அதன் கடமை. அது திறக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஓரிரு நிமிடம் பொறுத்து மறுபடி போட்டுப் பார்ப்பார்கள், நின்றால் நின்றது. பலத்த காற்றில் கம்பி அறுந்து தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்று தாங்களாகவே நிறுத்தி வைப்பதும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் கம்பங்களைச் சாய்த்ததைப் போன்ற ஒன்றை எந்த ஸ்பேனரும் தடுக்காது.

நான்காவதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். நாள் குறித்துச் செய்யும் பராமரிப்பின் பலம் குறைவு. இந்த மாதம் இந்த ஃபீடர் என்று கணக்குக்கு நிறுத்தி, அன்று காலை ஜீப்பில் ஏறிய பிறகு எங்கே போகலாம் என்று யோசித்தால், கிளை மட்டும்தான் வெட்டப்படும். கண்ணுக்குத் தெரிவது அதுதான். நல்ல பிரிவு அலுவலகத்தில் அன்றைய பட்டியல் ஒரு வாரம் முன்பே தயாராக இருக்கும். இரவு 7 மணிக்கு மேல் ஃபீடர் நெடுக நடந்து, எந்தக் கம்பத்தில் சர்ரென்று சத்தம் வருகிறது, எங்கே நீலப் பொறி தெரிகிறது என்று குறித்திருப்பார்கள். வெப்பப் படம் எடுக்கும் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. கீழே நின்றபடி, லைன் ஓடும்போதே, எந்த கிளாம்ப் பக்கத்து கிளாம்ப்பைவிடச் சூடு என்று காட்டிவிடும். பெரிய டிரான்ஸ்பார்மர்களுக்கு எண்ணெயில் கரைந்த வாயுக்களைச் சோதிக்கிறார்கள். அசிட்டிலீன் தென்பட்டால் உள்ளே எங்கோ பொறி பாய்கிறது, எத்திலீன் ஏறினால் உலோகம் காய்கிறது. திறந்து பார்க்காமலே உள்ளே நடப்பது தெரியும். நிறுத்தும் நேரம் குறைய வேண்டுமானால் நிறுத்தாத நாட்களில் பார்க்கும் வேலை கூட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய பகுதியை ஒருவர் பார்க்கும்போது, முதலில் விட்டுப்போவது இந்த இரவு நடைதான்.

அளவு மீறிய லோடுக்கும் பராமரிப்பு மருந்தாகாது. டிரான்ஸ்பார்மர் சுருளைச் சுற்றியிருப்பது காகிதம். அது தாங்கும் வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தெருவில் இருபது வீட்டில் புதிதாக ஏசி வந்துவிட்டால், எண்ணெயைச் சோதித்து, போல்ட்டை இறுக்கி என்ன செய்தும் அந்தக் காகிதத்தைக் காப்பாற்ற முடியாது. இன்னொரு டிரான்ஸ்பார்மர் வைத்தாக வேண்டும். உங்கள் வீட்டு ஏசிக்குக் கூடுதல் லோடு கேட்டு முறையாக விண்ணப்பியுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். பதிவில் இருக்கும் லோடைப் பார்த்துத்தான் புது டிரான்ஸ்பார்மருக்கு மதிப்பீடு போடுவார்கள்.

நீங்கள் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. தெருவில் நின்றே ப்ரீதரின் நிறத்தைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் அடியில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா, இரவில் எங்காவது பொறி தெரிகிறதா என்று பாருங்கள். எதையும் தொட வேண்டாம். ஸ்டே கம்பியில் மாடு கட்டுவது, கம்பத்துக்குக் கம்பம் துணி காயப்போடக் கொடி கட்டுவது இரண்டும் வேண்டாம். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் விளக்கு ஒரு அறையில் மங்கலாகவும் இன்னொரு அறையில் அளவுக்கு மீறிப் பிரகாசமாகவும் எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டுப் போன் செய்யுங்கள், நியூட்ரல் விட்டிருக்கலாம். போனில் 'எங்க தெரு முனையில்' என்று சொன்னால் இருட்டில் தேடவே அரை மணி ஆகும். கம்பத்தில் பெயின்ட்டால் எழுதிய எண் இருக்கும், டிரான்ஸ்பார்மருக்கும் பெயர் எழுதியிருக்கும். பகலில் ஒருமுறை அதைப் படித்து, மீட்டர் பெட்டியின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.